பாலத்தைப் பார்க்கப் போனவர்

பித்தப்பையை வெட்டி எடுத்துவிட்டு நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது முதலில் பார்க்க வந்தவர் என் கணவரில்லை, அம்மாவுமில்லை. ஸ்காபரோவின் வோபர்ன் பகுதியில் எங்கள் கட்டிடத்தின் அதே மாடியில், எதிர்வீட்டில் இருந்த மணவறை அண்ணை. அதுவரை லிஃப்டில் "வெளியில குளிரோ?" என்பதற்கு மேல் நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. எனக்குத் தலை வாரவில்லை. ஆஸ்பத்திரிச் சட்டை முதுகுப்பக்கம் திறந்து கிடக்கிறது. அந்த நேரம் பார்த்து ஒரு மனிதர் ஒரு பை ஒரேஞ்சும் மாரி பிஸ்கட்டும் கொண்டுவந்து கட்டிலடியில் கதிரையை இழுத்துப் போட்டால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

"நீங்கள் ஒண்டும் கதைக்க வேண்டாம் தங்கச்சி. நான் சும்மா பாத்திட்டுப் போக வந்தனான்" என்றார்.

சொன்னபடியே பார்த்தார். சேலைன் சொட்டுவதைப் பார்த்தார். போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த என் காலைப் பார்த்துவிட்டு மரியாதையாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எங்கே கைகளை வைப்பது, சிரிப்பதா, முனகுவதா என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எழுந்து போகும்போது ஒரேஞ்சுப் பையை என் கைக்கெட்டும் தூரத்துக்கு நகர்த்தி வைத்தார். அவர் போனபின் நான் அழுதேன். ஏனென்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

பிறகுதான் ஊரே அவரை அப்படித்தான் அறியும் என்று தெரிந்தது. ஸ்காபரோவில் எந்தத் தமிழ்க் கல்யாணத்துக்கும் மணவறை வேண்டுமென்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பைபர் தூண்கள், பைபர் யானைகள், மேலே கோபுரம், கோபுரத்தின் உச்சியில் தங்கப்பூச்சுக் கலசம். எல்லாவற்றையும் லொறியில் ஏற்றிப் போய்ப் பூட்டி, தாலி கட்டி முடிந்ததும் கழற்றிக்கொண்டு வருவார். அது அவருடைய தொழில். அவருடைய வேலை என்று நான் சொல்வது வேறு. யாருக்காவது ஏதாவது நடந்துவிட்டால் பார்க்கப் போவதுதான் அந்த வேலை. காலை முறித்தவர், வேலை பறிபோனவர், பேஸ்மெண்டில் தண்ணீர் புகுந்தவர், விசா மறுக்கப்பட்டவர், எல்லோருக்கும் அதே ஒரேஞ்சு, அதே பிஸ்கட். வெக்ஸ்போர்டில் ஒரு தமிழ்க்கடை எரிந்தபோது, இன்னும் புகைந்துகொண்டிருந்த கடை வாசலில் பையோடு நின்றவர் அவர். கடைக்காரர் அந்த நிலையிலும் பையை வாங்கி, "தாங்ஸ் அண்ணை" என்றாராம்.

"போய் என்னண்ணை செய்யப் போறியள்?" என்று நான் ஒருமுறை நேரடியாகவே கேட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"ஒண்டும் செய்ய ஏலாதுதானே. அதாலதான் பாக்கப் போறன்" என்றார். கோபித்ததாகவும் தெரியவில்லை.

அவரை யாரும் பார்க்கப் போனதாக நான் கேள்விப்படவில்லை. அவர் நோயென்று படுத்ததே இல்லை. மனைவி எப்போதோ காலமாகிவிட்டார். மகள் அஜக்ஸ் நகரத்தில். அந்த மனிதருக்கும் ஏதாவது நடக்கும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

நடந்தது ஒரு கல்யாணத்தில். மணப்பெண் இங்கே பிறந்தவள். மண்டபமெல்லாம் வேண்டாம், நாட்டுப்புறத்துப் பண்ணையில் பழைய வைக்கோல் கொட்டிலில்தான் தாலி கட்ட வேண்டும் என்று நின்றுவிட்டாள். நானூற்றியொன்று நெடுந்தெருவில் மேற்கே ஓடி, பிறகு சோளக்காடுகளுக்கு நடுவே நெளிகிற சின்னத் தெருக்களில் போகவேண்டிய இடம். குதிரை வண்டிக்காரர்கள் இன்னும் தெருவோரமாகப் போய்க்கொண்டிருக்கும் பகுதி. மணப்பெண்ணின் தாய்க்கு இதில் அரை மனம்தான். அந்த அரை மனத்துக்கு ஈடாக ஒன்றில் பிடிவாதமாக நின்றார்.

"கலசத்தைப் படுக்கப் போட்டுக் கொண்டுபோகாதேங்கோ அண்ணை. பிள்ளையின்ர கலியாணம். அபசகுனம்."

எப்போதும் கோபுரத்தைக் கலசத்தோடு சரித்து, பழைய மெத்தை போட்டுத்தான் அண்ணை ஏற்றுவார். அந்த ஒருமுறை மட்டும் நிமிர்த்தி வைத்து, உள்ளே இரும்புச் சட்டம் கொடுத்து, திறந்த லொறியின் அடித்தட்டோடு ஆணி பூட்டிவிட்டார். அந்தத் தாயின் மனம் நோகக்கூடாதென்று செய்ததுதான்.

அன்று காலை நெடுந்தெருவில் வேலை நடந்ததால் தெரு அடைப்பு. ராகுகாலம் தொடங்குமுன் முதல் தூணை நட்டாக வேண்டும். கைபேசி ஒரு குறுக்கு வழி காட்டியது. அந்த வழியில்தான் ஆற்றுக்கு மேலே அந்தப் பாலம் இருந்தது. மரத்தால் செய்த பாலம். இரண்டு பக்கமும் பலகைச் சுவர், மேலே கூரை, வெளியே சிவப்பு வர்ணம். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ ஒரு மாட்டுக்கொட்டிலைத் தூக்கி ஆற்றுக்குக் குறுக்கே வைத்த மாதிரி இருக்கும். வாசலில் எவ்வளவு உயரம் போகலாம் என்று எழுதியிருந்தது. அவர் அதைப் பார்த்தார், படித்தார், தன் லொறி அதற்குள் அடங்கும் என்று எப்போதும் போலக் கணக்குப் போட்டார். அந்தக் கணக்கில் கலசம் படுத்தே கிடந்தது.

பாலத்தின் நடுவில் குறுக்கு உத்திரம் ஒன்றில் கோபுரம் மாட்டியது. உத்திரம் முறிந்து, பக்கத்துச் சட்டத்தையும் இழுத்துக்கொண்டு வந்தது. அவருக்கு ஒரு கீறலும் இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் முதல் வீட்டிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண், அவர் வயதுதான் இருக்கும், ரப்பர் சப்பாத்தோடு ஓடி வந்தார்.

"தங்கச்சி, அந்த மனுசி பாலத்தைப் பாக்கேல்லை. முதல் என்ர கையைப் பிடிச்சு, காயம் பட்டதோ எண்டுதான் கேட்டது" என்று அண்ணை எத்தனையோ தரம் என்னிடம் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் ஏசியிருந்தால் ஒருவேளை அண்ணையின் மனம் ஆறியிருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

கல்யாணம் குறையில்லாமல் நடந்தது. நெளிந்த கலசத்தைச் சுற்றி மல்லிகைச் சரத்தைக் கட்டி, இது இப்போதைய டிசைன் என்று அந்தத் தாயிடம் சொல்லிவிட்டாராம். அந்தத் தம்பதிக்கு இப்போது இரண்டு குழந்தைகள், நன்றாகத்தான் இருக்கிறார்கள். பாலத்தைத்தான் வேலி போட்டு மூடினார்கள்.

அடுத்த ஞாயிறு அண்ணை என் கதவைத் தட்டினார். கையில் ஒரேஞ்சுப் பை.

"தங்கச்சி, கார் எடுக்கேலுமோ? எனக்கு ஸ்டியரிங்கைப் பிடிச்சாக் கை நடுங்குது. ஒரு இடத்துக்குப் பாக்கப் போகவேணும்."

"ஆருக்கண்ணை சுகமில்லை?"

"பாலத்துக்கு."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கதிரையில் இருந்த அதே முகம். என்னால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. அப்படித்தான் நான் மரப்பாலம் என்ற நோயாளியைப் பார்க்கப் போகிற வண்டிக்குச் சாரதியானேன்.

வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தார். உள்ளே முறிந்த உத்திரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்தார்கள். பலகை இடுக்குகளால் வெயில் கோடு கோடாக விழுந்தது. கீழே ஆறு சத்தமே இல்லாமல் ஓடியது. வெகுநேரம் பார்த்துவிட்டு, நெடுந்தெருவால் சுற்றி அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய்ப் பையை நீட்டினார். அந்தப் பெண்ணை அவர் 'பாலத்து மனுசி' என்றுதான் சொல்வார். பாலத்து மனுசிக்கோ எதுவும் பிடிபடவில்லை, இது யாருக்கு என்று என்னைக் கேட்டார். எங்கள் ஆட்கள் நோயாளியைப் பார்க்கப் போனால் இப்படித்தான், நோயாளியால் சாப்பிட முடியாவிட்டால் வீட்டுக்காரரிடம் கொடுப்போம் என்று நான் வெட்கத்தோடு விளக்கினேன். பாலத்து மனுசி பையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கதவை அகலத் திறந்து எங்களை உள்ளே கூப்பிட்டார்.

அதன்பிறகு பல ஞாயிறுகள். எனக்கு ஞாயிறு என்றால் மத்தியானம் வரை படுக்க வேண்டும். அதையெல்லாம் மறந்து, தேநீர்க் கோப்பையோடு பாலத்து மனுசியின் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் இருந்து மொழிபெயர்த்தேன். அண்ணைக்குப் பாலத்தைப் பற்றி எல்லாம் தெரிய வேண்டும். நோயாளியின் பழைய நோய், சாப்பாடு, தூக்கம் எல்லாம் விசாரிப்பார்கள் இல்லையா, அதே மாதிரி.

பாலத்து மனுசி சொன்னார்: அந்தக் காலத்தில் இக்கரையில் மாவரைக்கிற ஆலை, அக்கரையில் பண்ணைகள். ஆறு பெருகினால் கோதுமை அங்கேயே கிடந்து முளைக்கும். ஆகவே பண்ணைக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகத் தங்கள் காணியில் நின்ற பைன் மரங்களை வெட்டிக் கொண்டுவந்து கட்டிய பாலம் அது. பாலத்து மனுசியின் முன்னோரும் அதில் இருந்தார்கள்.

"கூரை ஏனாம்? மழைக்கு ஆக்கள் ஒதுங்கவோ?" என்று அண்ணை கேட்டார்.

இல்லையாம். கூரை மனிதருக்காகப் போட்டதில்லை, மரத்துக்காகப் போட்டது. திறந்து கிடக்கிற மரப்பாலம் மழையிலும் பனியிலும் சில வருடங்களிலேயே உக்கிப்போகும். மூடிய பாலம் கட்டியவனின் பேரனையும் கடந்து நிற்கும். இன்னுமொரு வசதி, குதிரைகள் தண்ணீரைக் கண்டு மிரளாது, தங்கள் கொட்டிலுக்குள் போகிறோம் என்று நினைத்து நுழைந்துவிடும்.

அண்ணைக்கு மிகவும் பிடித்தது பனிக் கதைதான். அந்தக் காலத்தில் பனிக்காலமென்றால் சக்கரமில்லாத சறுக்கு வண்டிகள். தெருவெல்லாம் பனி, பாலத்துக்குள் மட்டும் கூரை இருப்பதால் வெறும் பலகை. வண்டி இழுபடாது. ஆகவே வெளியிலிருந்து பனியை அள்ளி உள்ளே பரப்ப ஒரு ஆளை வைத்திருந்தார்கள். பாலத்து மனுசியின் பாட்டனாருக்கு அதுதான் வேலை.

"கடவுளே! நாங்கள் வாசலில கிடக்கிறதை வெளியில அள்ளிக் கொட்டி இடுப்பு முறியுது, இவையள் உள்ளுக்கை அள்ளிக் கொட்டியிருக்கினம்!" என்று அண்ணை விழுந்து விழுந்து சிரித்தார். பாலத்து மனுசியும் சிரித்தார். விபத்துக்குப் பிறகு அண்ணை சிரித்ததை நான் கண்டது அன்றுதான். திரும்பி வரும் வழியில், "திருத்திப் போடுவினம் தங்கச்சி. இவ்வளவு கதை உள்ள சாமானை விடுவினமோ?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தார். அவருடைய உயிரே அந்தத் திருத்தத்தில்தான் இருந்தது.

பாலத்தைத் திருத்துவதா அகற்றுவதா என்று ஊர்க்கூட்டம் வைத்தார்கள். தீயணைப்பு நிலையத்து மண்டபம். அண்ணை கோட் போட்டு, இரண்டு தட்டம் மரக்கறி றோல்ஸும் கொண்டு வந்தார். செத்தவீட்டுக்கு அனுப்புகிற அளவு. ஊர்ச்சனம் அதைக் கோப்பிக்குப் பக்கத்தில் வைத்து நன்றாகவே சாப்பிட்டது. பேச விரும்புகிறவர்கள் எழும்பலாம் என்றார் தலைவர். அண்ணை எழும்பினார். நானும் பக்கத்தில் நின்றேன்.

"அந்த உத்திரத்தை முறிச்சது நான்தான். நான் என்ன செய்யவேணும் எண்டு சொல்லுங்கோ, செய்யிறன்."

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். தலைவர் நல்ல மனிதர், கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேசினார். அந்த உத்திரம் உள்ளே எப்போதோ உக்கிவிட்டது, பொறியாளர்கள் துளை போட்டுப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். கூரையில் வருடக்கணக்காக ஒழுக்கு இருந்திருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. நீங்கள் முறித்திருக்காவிட்டால் ஒருநாள் பிள்ளைகள் போகிற பள்ளிக்கூட பஸ் விழுந்திருக்கும், உங்களுக்கு நாங்கள் நன்றி சொல்ல வேண்டும் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

"ஏன் கைதட்டுகினம்?" என்று அண்ணை என்னைக் கேட்டார்.

"உங்களில ஒரு பிழையும் இல்லையாம் அண்ணை."

அவர் முகம் விழுந்ததை நான் மறக்கமாட்டேன்.

"அப்ப நான் என்ன செய்யிறது?"

அதை நான் மொழிபெயர்க்கவில்லை. யாருக்கு மொழிபெயர்ப்பது?

வாக்கெடுப்பு வந்தது. திருத்த ஆகும் செலவுக்கு அந்தச் சிற்றூரில் வழியில்லை. அகற்றிவிட்டுக் கொங்கிறீட்டில் ஒன்று போடுவதற்குப் பெரும்பாலான கைகள் எழுந்தன. வேண்டாம் என்பதற்கு ஒரு சில கைகள்தான். பாலத்து மனுசியின் கை அதில் ஒன்று. அண்ணையும் கையைத் தூக்கினார். தலைவர் மிகவும் தன்மையாக, இது ஊரில் வசிப்பவர்களுக்கு மட்டும் என்றார். நான் அண்ணையின் சட்டைக்கையைத் தொட்டேன். அவர் ஒரு கணம் அப்படியே வைத்திருந்துவிட்டுக் கையை இறக்கினார். எனக்கு அந்த மண்டபத்தில் இருந்த எல்லோர் மேலும் கோபம் வந்தது. அதில் ஒருவர் மேலும் பிழை இல்லை என்பதால் அந்தக் கோபம் இன்னும் கூடியது.

காரில் திரும்பும்போது சொன்னார். "நான் கட்டுறதெல்லாம் ஒருநாள் நிக்கிற சாமான் தங்கச்சி. தட்டிப் பாத்தா உள்ளுக்கை ஒண்டுமில்லை, பொக்கு. நான் போய் எதில இடிச்சிருக்கிறன் பாருங்கோ."

பனிக்காலத்தில் ஒருமுறை போனபோது எங்கள் கட்டிடத்தில் பனி அள்ளுகிற சவளை என் காரின் டிக்கியில் வைத்துக் கொண்டுவந்தார். வேலியோரம் பாலத்து மனுசி வந்து நின்றார். சறுக்கு வண்டிக் காலத்து மாதிரி உள்ளே கொஞ்சம் பனி பரப்பிவிடட்டுமா, கேளுங்கோ என்றார் அண்ணை. கேட்டேன். பாலத்து மனுசியின் கண் கலங்கிவிட்டது. பனியின் பாரத்தையே பலகை தாங்காதாம், ஒருவரும் உள்ளே போகக்கூடாது என்று பொறியாளர்கள் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். அண்ணை தலையாட்டினார். சவளை மீண்டும் டிக்கியில் வைத்துவிட்டு, கையுறையைக் கழற்றி வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவ்வளவு குளிரில் இரும்பை வெறும் கையால் பிடிக்கக்கூடாது என்று கூட எனக்குச் சொல்லத் தோன்றவில்லை.

வசந்தத்தில் அகற்றினார்கள். மஞ்சள் நாடாவுக்குப் பின்னால் நாங்கள் நின்றோம். இயந்திரம் கூரையைத்தான் முதலில் எடுத்தது. கூரை போனதும் உள்ளே வெயில் கொட்டியது. கட்டிய நாளுக்குப் பிறகு அந்தப் பலகைகளில் அப்படி வெயில் விழுந்தது அன்றுதான். பாலத்து மனுசி வெளியே வரவில்லை, ஜன்னல் திரையும் மூடியிருந்தது. அண்ணை ஒரேஞ்சுப் பையைக் கொண்டுபோய் அவர் வாசற்படியில் வைத்துவிட்டு, மணியடிக்காமல் திரும்பினார்.

அதற்குப் பிறகு அவர் யாரையும் பார்க்கப் போகவில்லை. லொறியை விற்றார். யானைகளை யாரோ எடுத்துக்கொண்டு போனார்கள். எங்கள் மாடியிலேயே ஒருவருக்கு மாரடைப்பு வந்தது. அண்ணைக்குத் தெரியும், போகவில்லை. நான் சோறு கொண்டுபோனால் கதவைப் பாதி திறந்து வாங்குவார். மகள் வந்து அஜக்ஸுக்குக் கூப்பிட்டாள், பிறகு பார்ப்போம் என்றார். நோய் வருத்தமென்று ஒன்றும் இல்லை. டொக்டரிடம் காட்டினால் எல்லாம் நோர்மல். நான் என்ன செய்வது? கதவடியில் நிற்பேன், "என்னண்ணை?" என்பேன், "ஒண்டுமில்லைத் தங்கச்சி" என்பார், வந்துவிடுவேன்.

ஒருநாள் கட்டிடத்தின் கீழ்வாசலிலிருந்து என் தொலைபேசிக்கு அழைப்பு வந்தது. பாலத்து மனுசி. அண்ணை ஏன் வருவதில்லை என்று முன்பு என்னிடம் கேட்டிருந்தார், நானும் சொல்லியிருந்தேன், முதன்முதலில் ஆஸ்பத்திரியில் அவர் என்னைப் பார்க்க வந்த கதையையும் சேர்த்து. அவ்வளவு தூரம் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு, நானூற்றியொன்றின் நெரிசலில் வந்திருக்கிறார். ரப்பர் சப்பாத்து இல்லை, நல்ல உடுப்பு. கையில் ஒரு பை. நான் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். அண்ணை சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்து திறந்தார், அவரைக் கண்டதும் இரண்டடி பின்னால் போனார். இவ்வளவு காலமும் வராத ஏச்சு கடைசியில் வந்துவிட்டதென்றுதான் நினைத்திருப்பார்.

பாலத்து மனுசி உள்ளே வந்தார். பையிலிருந்த ஒரேஞ்சுகளை மேசையில் வைத்து, அண்ணையின் கைக்கெட்டும் தூரத்துக்கு நகர்த்தினார். ஒரு பெட்டி பிஸ்கட்டும் இருந்தது. கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்தார்.

"என்னவாம்? ஏன் வந்தவவாம்? கேளுங்கோ தங்கச்சி" என்றார் அண்ணை. குரல் எழும்பவில்லை.

கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் அண்ணையைப் பார்த்தே சொன்னார்.

"ஒண்டும் கதைக்க வேண்டாமாம் அண்ணை" என்றேன். "சும்மா பாத்திட்டுப் போக வந்தவவாம்."

அவர் சோபாவின் விளிம்பில் அமர்ந்தார். கைகளை மடியில் வைத்தார், பிறகு முழங்காலில் வைத்தார், பிறகு சாரத்தைச் சரிசெய்தார். ஊரெல்லாம் போய்ப் பார்த்தவருக்கு, தன்னை ஒருவர் பார்க்கும்போது கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பாலத்து மனுசி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அண்ணை அழத் தொடங்கினார். சத்தம் போட்டு, மூக்கு ஒழுக, ஒரு பெரிய மனிதர் அழக்கூடாத விதமாக அழுதார். நானும் ஒன்றும் செய்யவில்லை, பாலத்து மனுசியும் ஒன்றும் செய்யவில்லை. இரண்டு பேரும் இருந்து பார்த்தோம்.